மாதிரிப் புட்டி எண் 41

பார்வைக்குத் தெளிவு.
வெளிச்சத்தில் பிடித்தால்
போர்ட் லூயி துறைமுகம் முழுதும்
தலைகீழாய்த் தெரிகிறது அதற்குள்:
கிரேன்கள், சர்க்கரைக் கிடங்கு,
மூன்றாம் புயல் எச்சரிக்கை கேட்டு
வெளிக்கடலுக்கு ஓடும் கப்பல்கள்.
கெட்ட எண்ணெய் கெட்டதாகத் தெரிவதில்லை.

முதலில் விளக்குச் சோதனை.
ஒரு திரி. அதன் பின்னால் ஓர் அளவுகோல்.
புகைக்கும்வரை உயர்த்து,
புகை அடங்கும் இடத்தில் படி.
நல்ல மண்ணெண்ணெய் இருபத்தைந்து மில்லிமீட்டர் நிற்கும்.
இது பத்தொன்பதிலேயே இருமியது.

அழகான சுடர்தான், ஒத்துக்கொள்கிறேன்.
கொழுத்த மஞ்சள்.
பிறந்தநாள் கேக்கின்மேல் என்றால் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.
டர்பைனுக்குள் அந்த மஞ்சள்தான் வினை.
எரிந்து முடியாத கரித்துகள் ஒவ்வொன்றும்
குட்டிச் சூரியனாகி லைனர் சுவரை வெறிக்கும்.
சுவரோ ஒன்றரை மில்லிமீட்டர் தகடு.
நீலச் சுடர் அதைத் தொடாமல் போகும்,
மஞ்சள் தொடாமலே சுடும்.

அடுத்து உப்பு.
கப்பலின் ஏதோ ஒரு தொட்டியில்
போன பயணத்தின் கடல்நீர் தங்கியிருக்கும்.
வாய்ப்பே இல்லை என்றார் ஏஜெண்ட் லாபோன்,
சான்றிதழை விரலால் தட்டித் தட்டி.
கருவி சொன்னது:
சோடியம், பத்து லட்சத்தில் ஒன்றே முக்கால் பங்கு.
எங்கள் வரம்பு அரை.

ஒரு லாரி எண்ணெயில் ஒரு கைப்பிடி உப்பு, அவ்வளவுதான்.
குழம்பில் போட்டால் நாக்குக்கே தெரியாது.
நெருப்பில் அது கந்தகத்தைத் தேடிப் பிடித்துக்கொள்ளும்.
இரண்டும் சேர்ந்து உருகி
பிளேடின்மேல் தேன்போலப் படரும்.
பிளேடைக் காக்க மெல்லிய தோல் ஒன்று உண்டு,
அதைக் கரைத்துவிட்டு
உள்ளே இறங்கும்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
எனக்கு ஒட்டிக்கொண்ட ஒரே வரி:
உப்பிட்டவரை உள்ளளவும் நினை.
பொருள் கேட்டால் கிரியோலில்தான் சொல்வேன்.
நிக்கல் உலோகத்துக்கும் அந்த வரி
மனப்பாடம் என்று
அப்போது யாரும் சொல்லவில்லை.

நான்கு மணிக்குக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து மிரேய்:
நிலக்கரி நிலையம் நின்றுவிட்டது,
மின்கம்பிகள் விழத் தொடங்கிவிட்டன,
ஆஸ்பத்திரிகளின் ஜெனரேட்டருக்கு இரவு தாங்காது.
நாற்பத்தொன்று சரியா இல்லையா, ஒரே சொல்லில் சொல்.

தொட்டியில் ஒரு நாள் அசையாமல் விட்டால்
நீர் அடியில் இறங்கும், உப்பும் கூடவே இறங்கும் என்றேன்.
அது ஒரு சொல் இல்லை என்றாள்.
ஒரு நாளும் இல்லை என்றாள்.

படிவத்தில் இரண்டே கட்டங்கள்:
ஏற்கப்பட்டது. நிராகரிக்கப்பட்டது.
இரண்டையும் விட்டுவிட்டு ஓரத்தில் எழுதினேன்:
இருபது மணி நேரம், குறைந்த சுமையில் மட்டும்.
பிறகு நிறுத்திக் கழுவவும். திறந்து பார்க்கவும்.
சரோ ரெங்கசாமி.

அன்றிரவு காற்று கூரையைப் பிடித்து உலுக்கியது.
சுவருக்கு அப்பால் டர்பைன் ஒரே சுருதியில் அலறியது.
நான் அந்தப் படிவத்தைத் திரும்பத் திரும்பப் படித்த வெளிச்சமும்
அந்த எண்ணெயிலிருந்து வந்ததுதான்.

இருபது மணி நேரம் முப்பத்தொன்றாயிற்று.

ஏப்ரலில் வைதிலிங்கம் கேமராக் குழாயை உள்ளே விட்டார்.
திரையில் முதல் வரிசை,
ஒவ்வொரு பிளேடாக, வயிற்றுக்குள் பார்ப்பதுபோல்.
நாசில் முனைகளில் கரி.
லைனரில் நகக்கீறல் போல ஒரு விரிசல்.
பதினேழாவது பிளேடின் ஓரத்தில்
பச்சைப் பொருக்கு, கொப்புளமாய் உப்பி.

ஐயாயிரம் மணி நேர ஆயுள் போச்சு என்றார்.
யார் விட்டது இந்த எண்ணெயை?

படிவத்தை நீட்டினேன்.
ஓரத்தில் இருந்ததை இருமுறை படித்தார்.
ஆஸ்பத்திரியில் அன்று யார் இருந்தார்கள் என்று
அவர் கேட்கவில்லை, எனக்கும் தெரியாது.

மூன்று மாதத்தில் மாதிரியைக் கொட்டிவிட வேண்டும், விதி.
நாற்பத்தொன்று இன்னும் அலமாரியில்,
அதே தெளிவோடு.

மதியம் வாசல் படியில்
வைதிலிங்கம் அன்னாசித் துண்டை
மிளகாயிலும் உப்பிலும் தோய்த்து நீட்டினார்.
கையில் மண்ணெண்ணெய் வாசம் போகவில்லை.
வாங்கிக்கொண்டேன்.